மண்டித் தட்டு

ஜாஸ் சங்கீதத்தின் ஆரம்ப கால வரலாறு முழுவதையும் நான் மல்லாட்டை உரித்துக்கொண்டே தெரிந்துகொண்டவள். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டது எல்லாம். இதைச் சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அவர்கள் படித்தார்கள், நான் கேட்டேன்.

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அப்பா மல்லாட்டை மண்டியில் ஏலம் விடுகிறவர். வியாபாரிகள், தரகர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், விற்க வந்த விவசாயிகள் என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்துகிற இடத்தில், எல்லோருக்கும் மேலே கேட்கிற மாதிரி கத்துவதுதான் அவருக்கு வேலை. வேலை முடிந்தாலும் குரலைக் கழற்றிவைக்கத் தெரியாது. அவர் வீட்டுக்குள் ரகசியம் பேசினால் எதிர்வீட்டிலிருந்து பதில் வரும்.

ஆசிரமத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் பின்கட்டு அறையை வாடகைக்கு விட்டிருந்தோம். எழுபதுகளின் நடுவில் அங்கே ஓர் அமெரிக்கர் வந்து சேர்ந்தார். சிகாகோக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் நிலைப்படியில் தினமும் தலையை இடித்துக்கொள்கிற உயரம். பகல் முழுக்க மௌன விரதம். சாயங்காலமானால் வாயைத் திறப்பார். பிறகு மூட முடியாது.

அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது அப்பா. அதனால் அவர் பேசியது முழுக்க ஏலத் தமிழ். வாழைப்பழக் கடையில் சீப்பைத் தூக்கிக்காட்டி "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று சத்தமாகச் சொல்வார். கடைக்காரர் பழகிப்போய் "மூணு தரம்" என்று முடித்துக்கொடுத்துவிடுவார்.

அவரிடம் இரண்டு டிரங்குப் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் துணிமணி. இன்னொன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதில் இசைத்தட்டுகள். கம்பளிச் சட்டைக்குள் சுற்றி ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது பாதி, மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடைகளில் தேடிப் பொறுக்கியது மீதி. ஞானம் தேடி வந்தவருக்கு எதற்கு இத்தனை தட்டு என்று அம்மா கேட்டாள். அந்தக் கேள்வி அவருக்கும் இருந்திருக்கும் போல. ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பெட்டியையும் ஒரு ரெக்கார்டு பிளேயரையும் எங்கள் கூடத்தில் கொண்டுவந்து இறக்கினார்.

"எனக்கு வேணாம். பற்று. இனிமே உங்களுது" என்றார்.

"அவரோட பற்ற எங்க தலையில கட்டறாரே. இத்த எங்க வைக்கிறது?" என்றாள் அம்மா.

"சும்மா இரு. மனசாரக் குடுக்கறாரு" என்றார் அப்பா. எதிர்வீட்டு அம்மாள் என்ன கொடுக்கிறார் என்று எட்டிப் பார்த்தாள்.

பற்றைத் துறந்தவர் மறுநாள் சாயங்காலமே கூடத்துக்கு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கட்டிக்கொடுத்த பெண்ணை விசாரிப்பதுபோல, "தட்டு எப்படி இருக்குது? வெயில் படலையே?" என்று கேட்டார். அதற்கடுத்த நாளும் வந்தார். தட்டுகள் எங்களுடையவை, அவர் வெறும் விருந்தாளி, நாங்களாகப் பார்த்துப் போட்டால் கேட்பார். நாங்கள் போடாவிட்டால் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையைத் தாங்காமல் நான்தான் எழுந்துபோய்ப் போடுவேன்.

அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. பழசு முதலில். எந்த வருடம் பதிவானதோ அந்த வரிசையில்தான் போடவேண்டும். எனக்குப் பிடித்த ஒன்றை நடுவிலிருந்து உருவினால், ஏதோ சாமி சிலையைக் கால்மாட்டில் வைத்தமாதிரி பதறுவார். நானோ பி.யூ.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணி, மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தவள். ஒருத்தர் வரிசை போட்டால் எனக்குக் கலைக்கத் தோன்றும். ஆனாலும் கொஞ்ச நாளில் அந்த வரிசையில் ஒரு நியாயம் இருப்பது புரிந்தது.

தட்டுகளின் இங்கிலீஷ் பேரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். முதலில் வருவது கொட்டகைத் தட்டு. கிளாரினெட் சேவல் மாதிரி கூவும், கார்னெட் என்கிற குட்டை டிரம்பெட் குதிரை மாதிரி கனைக்கும், டிராம்போன் மாடு மாதிரி கத்தும். ஜாஸ் என்று பேர் போட்டு உலகத்தில் வந்த முதல் தட்டே இதுதான் என்று விருந்தாளி சொன்னபோது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாசித்தவர்கள் நியூ ஆர்லியன்ஸ் ஊரிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பையன்கள். அந்த ஊரில் அதற்கு முன்பிருந்தே இந்தச் சங்கீதத்தைத் தெருவிலும் கல்யாணத்திலும் சாவிலும் வாசித்துவந்த கறுப்பர்களுக்குத் தட்டுப் போட வாய்ப்பு வந்தது சில வருடம் கழித்துத்தான். சமைத்தது யாரோ, முதல் பந்தியில் உட்கார்ந்தது யாரோ. எனக்கு இன்றைக்கும் அந்தத் தட்டின் மேல் கொஞ்சம் கடுப்பு உண்டு.

கறுப்பர்களில் ஒருவரை முதலிலேயே தட்டுப் போடக் கூப்பிட்டார்களாம். போட்டால் எல்லோரும் என் வித்தையைத் திருடிவிடுவார்கள் என்று அவர் மறுத்துவிட்டதாக ஒரு கதை. மேடையில் வாசிக்கும்போதுகூட விரல் போகிற வழி தெரியாமல் இருக்கக் கைக்குட்டையால் மூடிக்கொள்வாராம். இதைக் கேட்டதும் அப்பா தொடையில் தட்டினார். "அட, நம்ம மாட்டுச் சந்தையில தரகனுங்க துண்டப் போட்டு மூடிக்கிட்டு விரலப் புடிச்சு வெல பேசறாங்களே, அதே கதைதான்!" அன்றிலிருந்து சிகாகோவுக்கும் எங்களுக்கும் இடையில் பெரிய தூரம் இல்லை என்று அப்பா முடிவுகட்டிவிட்டார்.

அடுத்தது, எங்கள் வீட்டின் செல்லத் தட்டு. பேர் வைத்தது அப்பா. மண்டித் தட்டு. நியூ ஆர்லியன்ஸிலிருந்து சிகாகோவுக்குப் பிழைக்கப் போன கறுப்பர்களின் கோஷ்டி. இரண்டு கார்னெட், கிளாரினெட், டிராம்போன், பியானோ, பாஞ்சோ எல்லாம் முதல் நொடியிலேயே ஒன்றாக ஆரம்பித்து, கடைசி நொடி வரை ஒன்றாகவே போகும். ஒருத்தர் நிறுத்தி இன்னொருத்தருக்கு வழி விடுவது என்பதே கிடையாது. எல்லோரும் பேசுகிறார்கள், யாரும் யாரையும் மறிக்கவில்லை. "மண்டியில நாங்க கத்தற மாதிரியே இருக்குது பாரு. வெளியில இருந்து கேக்கறவனுக்கு எரச்சல். உள்ள இருக்கறவனுக்குத் தெரியும், ஒவ்வொருத்தனும் இன்னா சொல்றான்னு" என்றார்.

அந்தக் காலத்தில் மைக் கிடையாது. சுவரில் ஒரு பெரிய புனல் பொருத்தியிருப்பார்கள். வாசிக்கிறவர்கள் அதற்கு எதிரே நின்று வாசிக்க, சத்தம் புனல் வழியாகப் போய் மறுபக்கத்தில் ஓர் ஊசியை ஆட்டும். ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். அவ்வளவுதான் பதிவு. மெல்லிய சத்தம் உள்ளவர் புனலுக்குப் பக்கத்தில், பலத்த சத்தம் உள்ளவர் தூரத்தில். அந்தக் கோஷ்டியில் இரண்டாவது கார்னெட் வாசித்த இளைஞருக்கு அசாத்தியக் காற்று. எல்லோரையும் அமுக்கிவிடுகிறார் என்று அவரை அறையின் கடைக்கோடிக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"என் குரலப் புடிச்சுத் தட்டு போட்டா, செங்கம் தாண்டி சிங்காரப்பேட்டையிலதான் நிக்க வெப்பாங்க" என்றார் அப்பா.

டிரம் பாடுதான் மோசம். ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும், மெழுகு பாழ். அதனால் டிரம்காரரிடம் பெரிய டிரம்மைத் தொடாதே என்று சொல்லி, மரக்கட்டையில் டொக் டொக் என்று தட்டவைப்பார்கள். அதுவும் பாதி கேட்காது. அப்பாவுக்கு இந்த விஷயம் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. எங்கள் வீட்டில் டிரம்முக்கு டமாரம் என்று பேர். மண்டித் தட்டைப் போடும்போதெல்லாம் கேட்பார்.

"டமாரக்காரன் இதுல இருக்கறானா?"

"இருக்கிறார். கேக்காது" என்பார் விருந்தாளி.

"பாவம்யா. அவ்ளோ தூரம் வந்துட்டு, கைய கட்டிக்கிட்டு" என்று அப்பா உச்சுக்கொட்டுவார். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில், அதே உச்சு. எனக்கு அலுப்பாக இருக்கும்.

பிறகு மைக் வந்த காலத்துத் தட்டுகள். கடைக்கோடியில் நின்றவர் முன்னால் வந்துவிட்டார். மற்றவர்கள் சட்டென்று வாசிப்பை நிறுத்திக்கொள்ள, அவர் மட்டும் தனியாக எங்கேயோ ஏறி, வந்து இறங்குவார். இதற்கு நான் வைத்த பேர் தனித் தட்டு. ஒரு தட்டில் அவர் வார்த்தையே இல்லாமல் தொண்டையால் விளையாடுவார். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஜதி சொல்றானா?" என்று கேட்டாள். மண்டியில் ஒரே ஒருத்தர் பேச மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பது எப்படி நடக்கும் என்று அப்பாவுக்குத்தான் கடைசிவரை விளங்கவில்லை.

முப்பதுகளின் தட்டுகள் பட்டாளம். பத்துப் பதினைந்து பேர், வரிசையாக டிரம்பெட், வரிசையாக சாக்ஸபோன், எல்லாம் எழுதிவைத்து வாசித்தது. ஆடுவதற்கான சங்கீதம். டிரம் நன்றாகவே கேட்கும். அதற்கப்புறம் ஓர் இடைவெளி. வாத்தியக்காரர்கள் சங்கம் அங்கே ஸ்ட்ரைக் பண்ணிவிட்டதாம், ரெண்டு வருடத்துக்குத் தட்டுப் போடவே மாட்டோம் என்று. "அங்கயும் ஸ்ட்ரைக்கா!" என்று அம்மாவுக்கு ஒரே திருப்தி. ஸ்ட்ரைக் முடிந்து வந்த தட்டுகளில் பார்த்தால் சங்கீதமே மாறிக்கிடந்தது. மின்னல் வேகம். யாரும் ஆட முடியாது. "பஸ்ஸப் புடிக்கப் போறானா இவன்?" என்று அம்மா கேட்டதால் அது பஸ் தட்டு. கடைசியாக நீளத் தட்டு. மூன்று நிமிடத்துக்குள் அடக்கி வாசித்தவர்களுக்கு ஒரு பக்கம் முழுக்க இடம் கிடைத்துவிட்டது. அவர்கள் நிதானமாக வாசிக்க, அப்பா நிதானமாகக் குறட்டை விடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஆரணிப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்று ஒரு தடவை பார்த்தது, பேசவில்லை. வைகாசி முகூர்த்தம். எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல்.

எல்லோரையும்விட எங்கள் விருந்தாளிக்குத்தான் பரபரப்பு. நாதஸ்வரமும் அவருடைய நியூ ஆர்லியன்ஸ் கோஷ்டியும் ஏதோ ஒரு வகையில் பங்காளிகள் என்பது அவர் கட்சி. கெட்டி மேளத்தைப் பதிவு செய்யப் போகிறேன் என்று ஒரு சின்ன டேப்ரெக்கார்டரைத் துடைத்து வைத்திருந்தார். அதை மட்டும் அவர் துறக்கவில்லை. ஆசிரமத்துப் பாராயணத்தைப் பதிவு செய்வதற்காம், அது பற்றில் சேராதாம்.

மாப்பிள்ளை அழைப்புக்கு நாதஸ்வரக் கோஷ்டி வந்து ஜோராக வாசித்தது. முடிந்ததும், செங்கத்தில் இன்னொரு வீட்டு அழைப்பு இருக்கிறது, முதல் பஸ்ஸில் திரும்பிவிடுகிறோம் என்று நாயனக்காரர்கள் போய்விட்டார்கள். தவில்காரர் மட்டும், இங்கே சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று தங்கிவிட்டார். விடிந்தது. முதல் பஸ் வருகிற நேரம் தாண்டியும் நாயனம் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்த ஒருவர், நாயனக்காரர்கள் ஏறின பஸ் வழியில் பழுதாகி நிற்பதாகச் சொன்னார். இந்தப் பஸ்ஸில் அவர்களுக்கு இடமே கிடைக்கவில்லையாம்.

நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மாப்பிள்ளை. ஐயர் மந்திரத்தை மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார். முகூர்த்த நேரம் கரைந்துகொண்டிருந்தது. அன்று ஊரெல்லாம் கல்யாணம், இன்னொரு நாயனம் பிடிக்க வழியில்லை. மைக்செட் போட்டிருந்தவர் டவுனில் தலைமுறையாக இருக்கிற குடும்பத்து பாய். அவரிடம் மங்கள இசைத் தட்டு ஒன்று இருந்தது, அது அவர் தம்பியோடு வேறொரு பந்தலுக்குப் போயிருந்தது. கையில் இருந்ததெல்லாம் சினிமாப் பாட்டு.

தவில் மட்டும் அடிக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். தவில்காரரே மறுத்துவிட்டார். "நாயனம் இல்லாம ஒத்தையில நான் அடிச்சா சாவு ஊடு மாதிரி இருக்கும். மாட்டேங்க."

மாப்பிள்ளையின் பெரியம்மா எழுந்து நின்றாள். அந்த வீட்டில் அவள் சொல்தான் சொல். "மேளம் இல்லாம தாலி கட்ட நான் ஒத்துக்க மாட்டேன். எங்க ஊட்ல ஒரு கல்யாணத்துல, தாலி கட்டற நேரம் பாத்து ஒருத்தி தும்மினா. மேளம் கம்மியா இருந்துச்சு, எல்லாருக்கும் கேட்டுச்சு. வருஷம் திரும்பறதுக்குள்ள பொண்ணு தாலி அறுத்துட்டா. அதெல்லாம் திரும்ப வேணாம். ஆவணியில நல்லா வெச்சுக்கலாம்."

நல்லா வெச்சுக்கலாம் என்று அவள் சொன்னது நல்ல மனதோடுதான். ஆனால் பந்தலில் நின்றுபோன கல்யாணம் ஆவணியில் நடந்ததாக எங்கள் பக்கத்தில் சரித்திரம் கிடையாது. அது பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அப்பா வாசலுக்கும் மணவறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். முதல்முறையாக அவர் குரலைக் காணோம்.

திடீரென்று அப்பா நின்றார். "தட்டு" என்றார். "நம்ம ஊட்ல பெட்டி நெறைய தட்டு இருக்குதே! பாய், கிளாரினெட்டு, பீப்பி எல்லாம் இருக்குது அதுல. நாயனத்துக்குத் தம்பி மாதிரி. அதப் போட்டு, கூடவே தவில அடிச்சா?"

பெரியம்மா யோசித்தாள். "சினிமாப் பாட்டு இல்லயே?"

"சத்தியமா இல்லங்க."

"நடுவுல நிக்கக் கூடாது. ஒரு தும்மல் நொழையற அளவுக்குக்கூட எடம் இருக்கக் கூடாது."

அப்பா அம்மாவிடம், "அந்தப் பட்டாளத் தட்ட எடுத்தா. அதுலதான் சத்தம் ஜாஸ்தி" என்றார். அம்மா உள்ளே ஓடினாள்.

நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள். கல்யாணப் பெண் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் பட்டாளத் தட்டு எப்படி ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் பியானோ மட்டும், பூனை நடக்கிற மாதிரி. பட்டாளம் கிளம்பி வருவதற்குள் ஊரே தும்மி முடித்துவிடும். தனித் தட்டில் நடு நடுவே எல்லோரும் சேர்ந்து நிறுத்துவார்கள், ஒரு தும்மலுக்கு என்ன, ஒரு ஒப்பாரிக்கே இடம் இருக்கும். நீளத் தட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை இடைவெளியே இல்லாமல் எல்லோரும் சேர்ந்து வாசிப்பது பெட்டியிலேயே ஒன்றுதான்.

"அம்மா! பட்டாளம் வேணாம்! மண்டித் தட்டு! கொட்டகைய எடுத்துடாத, அதுல சேவல் கூவும்!" என்று கத்தினேன். எனக்கும் அப்பாவின் குரல்தான் வாய்த்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். "பொண்ணு நல்லாத்தான் பேசுது" என்றாள் பெரியம்மா. மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அம்மா தட்டைக் கொண்டுவந்தாள். பாய் வாங்கி, ஊதி, வேகத்தைப் பழைய தட்டுக்கான எழுபத்தெட்டுக்கு மாற்றி, ஊசி முனையைத் திருப்பிவைத்தார். தவில்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தவிலை மடியில் ஏற்றினார். "தட்டு கூட வாசிக்கறதுக்கா நான் பாடம் படிச்சேன்" என்று முணுமுணுத்தார். எங்கள் விருந்தாளி டேப்ரெக்கார்டரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பொத்தானை அமுக்கினார். நாதஸ்வரத்தைப் பதிவு செய்யவந்து, தான் துறந்த தட்டையே பதிவு செய்யப் போகிற நிலைமை. அப்பா பந்தலின் கடைசிக் கம்பத்தருகே போய் நின்றுகொண்டார், கடைசி நிமிடத்தில் நாயனக்காரர்கள் வந்துவிட மாட்டார்களா என்று ரோட்டைப் பார்த்தபடி.

ஐயர் கையை உயர்த்தினார். "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாயிலிருந்து முதலில் சர்ர்ர் என்று வெறும் கீறல் சத்தம் வந்தது. பழைய தட்டு அப்படித்தான் தொண்டையைக் கனைக்கும். மாப்பிள்ளையின் கை தாலியோடு என் கழுத்தருகே நின்றது. பெரியம்மா வாயைத் திறந்தாள்.

அதற்குள் மண்டி திறந்துவிட்டது. பாய் சத்தத்தை எவ்வளவு வைக்க முடியுமோ அவ்வளவு வைத்திருந்தார். ரெண்டு கார்னெட்டும் கிளாரினெட்டும் டிராம்போனும் செங்கம் ரோட்டில் வந்து விழுந்தன. ஒரு கணம் எல்லோரும் திகைத்துப்போனார்கள். தவில்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு அடித்தார். முதலில் வேண்டாவெறுப்பாக, ரெண்டே அடியில் பல்லைக் கடித்துக்கொண்டு, அப்புறம் சிரித்துக்கொண்டே. நான் எத்தனையோ சாயங்காலம் கேட்ட தட்டு அது. அதற்குள் இவ்வளவு பெரிய காலி இடம் இருந்தது என்று அன்று வரை எனக்குத் தெரியாது. ஐம்பது வருடத்துக்கு மேலாக யாரும் அடிக்காமல் விட்டுவைத்திருந்த இடம். தவில் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

முதல் முடிச்சு விழுந்தது. நாத்தனார் மற்ற முடிச்சுகளைப் போட்டாள். அட்சதை கொட்டியது. நான் தலையைத் தூக்கி அப்பாவைத் தேடினேன்.

கடைசிக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வாய் அசைந்தது. எனக்கு உதடுதான் தெரிந்தது. "டமாரக்காரன் வந்துட்டான்யா" என்றார். அப்புறம் அழுதார். கண் கலங்குகிற அழுகை இல்லை. வாயைத் திறந்து, தோள் குலுங்க, மண்டியில் கூப்பிடுகிற அதே வேகத்தோடு ஓங்கி அழுதார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் நின்ற ஆள்கூட அட்சதை போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா பாட்டு இது?" என்று என் காதருகே கேட்டார் மாப்பிள்ளை. என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அப்புறம் சொல்றேன்" என்றேன்.

சொல்லி முடிக்க வருடங்கள் ஆயிற்று. பெட்டியை எனக்குச் சீரோடு அனுப்பிவைத்தார்கள். விருந்தாளியும் ஆரணி வரை ஒரு தடவை வந்து தட்டுகளின் சௌக்கியத்தை விசாரித்துவிட்டுப் போனார். பிறகு விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டார். என் கணவரையும் வரிசை தவறாமல் உட்காரவைத்துக் கேட்கவைத்தேன். அவருக்குப் பஸ் தட்டுதான் பிடித்தது. அது அவர் குற்றமில்லை.

எண்பதுகளின் நடுவில் அப்பா போய்விட்டார். கடைசி நாட்களில் தொண்டை அடைத்து, பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும் என்ற நிலைமை. அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. போட்டோ இருந்தது, செருப்பு இருந்தது, மண்டியில் போட்டிருந்த துண்டு இருந்தது. ஊரையே எழுப்பின அந்தக் குரல் மட்டும் எங்கேயும் இல்லை. தட்டு நிறைந்த ஒரு பெட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு மனிதர் குரலைப் பிடித்துவைக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

சிகாகோவுக்குத் தகவல் எழுதினேன். சில மாதம் கழித்து ஒரு சின்னப் பார்சல் வந்தது. உள்ளே கம்பளித் துணியில் சுற்றி ஒரு கேசட். மேலே தமிழில், ஏலம் விடுகிற மாதிரி பெரிய கோணல் எழுத்தில், 'கெட்டி மேளம்' என்று எழுதியிருந்தது.

அப்போது நாங்கள் திருவண்ணாமலைக்கே, வேங்கிக்கால் பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை, டூ-இன்-ஒன்னில் கேசட்டைப் போட்டுவிட்டு ரெண்டு பேரும் எதிரே உட்கார்ந்தோம். ஐயர் குரல். கீறல் சத்தம். மண்டி. தவில். குலவைச் சத்தம். தட்டு தீர்ந்து ஊசி சர்க் சர்க் என்று சுற்றுகிற சத்தம். பாய் யாரிடமோ "நல்லா வந்துச்சுல்ல?" என்று கேட்பது. பிறகு பொத்தான் அமுங்கி, ஒன்றுமில்லை.

மறுபடி போட்டேன். காதை ஒட்டவைத்துக் கேட்டேன். எந்த இடத்தில் முடிச்சு விழுந்தது, எந்த இடத்தில் நான் தலை தூக்கினேன் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது. அப்பா அழுத அந்த இடமும் வந்தது. தவில்தான் இருந்தது. ஒரு தும்மல் நுழைய இடமில்லாமல் நான் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொடுத்த தட்டு அது.

"உங்கப்பா எங்க? அவ்ளோ பெரிய குரலு, ஒரு எடத்துலகூட காணோமே" என்றார் என் கணவர்.

"இருக்கறாரு" என்றேன். "கேக்காது."

அவர் கேசட்டைப் பின்னால் ஓட்டி, அந்த இடத்திலிருந்து மறுபடியும் வைத்தார்.